பழந்துணிக்கு விலையில்லாத காலம்

போகி நெருங்கும்போதெல்லாம் இரண்டு அறிவிப்புகள் தவறாமல் வெளியாகின்றன. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுக்கிறது. பழைய துணிகளையும் பாய்களையும் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படையுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. 2018-ஆம் ஆண்டு போகியன்று எழுந்த புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் இவற்றின் தேவையை மறுக்க மாட்டார்கள்.

அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒரு குரலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் குவிந்து கிடப்பவற்றைக் களையுங்கள். அலமாரியைக் காலி செய்யுங்கள். குறைந்த செலவில் வீட்டுக்கும் உடைக்கும் புதுப்பொலிவு தாருங்கள் என்று யூடியூபிலும் வார இதழ்களிலும் அறிவுரைகள் நிறைகின்றன. ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோவின் நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகும், 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒளிபரப்பான பிறகும் உலகெங்கும் பரவிய போக்கு இது. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டைச் சீராக வைத்திருப்பதில் பழைய பிடிவாதம் தமக்கு இல்லை என்று அவரே 2023-இல் ஒப்புக்கொண்டார் என்பது வேறு செய்தி.

(போகியன்று பழையதைக் கழிப்பதற்குச் சான்றாக நாம் எல்லோரும் எடுத்துக்காட்டும் வாசகம், பவணந்தி முனிவர் நன்னூலில் மொழி வழக்குக்காகச் சொன்ன இலக்கண விதி. சொற்களைப் பற்றிய விதி பாய், தலையணை வரை நீண்டுவிட்டது.)

வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதில் யாருக்கும் மாறுபட்ட கருத்து இருக்க முடியாது. ஆனால், பொருளியல் படித்தவனுக்கு இந்த அறிவுரையில் இரண்டு கேள்விகள் விடுபட்டிருப்பது உறுத்துகிறது. வெளியே அனுப்பப்படும் பொருள் எங்கே போகிறது? அது ஏன் இவ்வளவு எளிதாக வீட்டுக்குள் வந்தது? இருப்பு வேறு, வரத்து வேறு என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. தொட்டி நிரம்பி வழிகிறது என்றால் வாளியில் மொண்டு கொட்டுவதோடு நிறுத்திவிட முடியாது. குழாயையும் பார்க்க வேண்டும். காலியான அலமாரியைப் போல வாங்கத் தூண்டுவது வேறொன்றுமில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ, புதிதாக வந்த விலையுயர்ந்த அங்கி ஒன்றுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக அறையிலிருந்த நாற்காலி, மேசை, படங்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றிய கதையை 1769-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஒரு பொருளை வாங்கினால் அதற்குத் துணையாக வேறு பொருள்களையும் வாங்க நேரும் இந்த இழுப்புக்கு நுகர்வு ஆய்வாளர்கள் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் புதிய சோபா வந்த வீட்டில் திரைச்சீலை மாறுவதும், திரைச்சீலை மாறிய வீட்டில் சுவரின் வண்ணம் மாறுவதும் இந்த வகைதான்.

களைவது என்பதே வசதி உள்ளவரின் உரிமை என்பதையும் சொல்ல வேண்டும். நாளை தேவைப்பட்டால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்ற உறுதி உள்ளவர்தான் இன்று தூக்கிப் போட முடியும். மறுபடி வாங்க முடியாதவருக்குப் பரணில் கிடக்கும் ஓட்டைக் குடமும், கிழிந்த போர்வையும், அறுந்த ஒயர் சுருளும் ஒருவகைக் காப்பீடு. அதைக் குப்பை என்று பெயரிடுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். பரண் இல்லாத அடுக்குமாடி வீடுகளில், சதுர அடிக்கு வாடகை கணக்கிடப்படும் நகரத்தில், அந்தக் காப்பீட்டை வைத்திருப்பதற்கான செலவும் ஏறிவிட்டது என்பது உண்மையே.

இனி, குழாயைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு வரி 5 விழுக்காடு. முன்பு இந்தச் சலுகை 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கு மட்டுமே இருந்தது; அதற்கு மேல் 12 விழுக்காடு. அதே மாற்றத்தில் செயற்கை இழைக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்தும், செயற்கை நூலுக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்தும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டன. மூலப்பொருளுக்கு அதிக வரி, முடிவுப்பொருளுக்குக் குறைந்த வரி என்ற தலைகீழ் நிலையை நீக்க வேண்டும் என்று ஆடைத் தொழில்துறையினர் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். தொழில் நோக்கில் அது நியாயமான திருத்தம். ஆனால், பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் இடையே வரியில் இருந்த வேறுபாடு அத்துடன் மறைந்தது. இதன் விளைவைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆடை மலிவானதைக் குற்றமாகப் பேசும் வழக்கம் படித்தவர்களிடையே பரவி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித், உயிர் வாழ்வதற்கு லினன் சட்டை இன்றியமையாதது அல்ல. ஆனாலும், அது இல்லாமல் ஒரு நாள்கூலித் தொழிலாளி பொது இடத்தில் தலைகாட்ட வெட்கப்படுவார் என்பதால் அது அத்தியாவசியப் பொருளே என்று வாதிடுகிறார். வறுமையை அளப்பதற்கு அமர்த்தியா சென் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட இடம் அது. தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை வேறில்லை. இங்கு ஆடை வெறும் ஆடையாக இருந்ததில்லை. பண்ணையில் உழைத்தவருக்குப் பண்டிகை நாளில் பண்ணையார் வீட்டுப் பழந்துணியே கிடைத்தது. புதுத்துணியும், தோளில் துண்டும், காலில் செருப்பும் யார் அணியலாம், எந்தத் தெருவில் அணியலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. அந்த நினைவு இன்னும் அழியவில்லை. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி, சேலை வழங்கும் திட்டம், பொங்கலன்று ஏழையின் வீட்டுக்குள் நுழைவது புதுத்துணியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடியில் முந்நூறு ரூபாய்க்குச் சுடிதார் வாங்கி அணிந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவியை, பணக்கார வீட்டு மாணவியிடமிருந்து ஆடையைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாத நிலையை நான் என் வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன். அது சிறிய சமூக மாற்றம் அன்று.

எனவே, எளிமை என்ற பெயரில் ஏழைக்கு மறுபடியும் பழந்துணியைப் பரிந்துரைப்பது என் நோக்கமில்லை. பழையதை மறுபடி பயன்படுத்தும் வழி வசதியுள்ளவர் வீட்டிலேயே அடைபட்டுப் போனது ஏன் என்பதுதான் கேள்வி.

ஒரு பருத்திச் சேலையின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். கடையிலிருந்து வந்த சேலை சில ஆண்டுகள் வெளியில் கட்டப்பட்டது. சாயம் மங்கியதும் வீட்டுக்குக் கட்டப்பட்டது. முந்தானை கிழிந்ததும் மகளுக்குப் பாவாடையாயிற்று. அல்லது குழந்தைக்குத் தூளியாயிற்று. நைந்து மென்மையானதும் பிறந்த குழந்தைக்கு இடுப்புத் துணியாகவும், தலையணை உறையாகவும் ஆனது. பிறகு அடுப்படியில் பிடிதுணி, கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு ஒரு பயன் இருந்தது. பயன் இருந்ததால் ஒரு மதிப்பு இருந்தது. சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது அந்த நாளில் பெயரில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சங்கிலி அறுந்ததற்கு மனிதர்களின் சோம்பலோ ஆடம்பரமோ முதற்காரணம் அன்று. துணியே மாறிவிட்டது. பாலியெஸ்டர் எவ்வளவு பழையதானாலும் தண்ணீரை உறிஞ்சாது; எனவே, குழந்தைக்கும் ஆகாது, தரை துடைக்கவும் ஆகாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் இளகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். திரியாகத் திரித்தால் எரியாமல் உருகும். கிழிவதற்கு முன்பே வடிவம் குலைந்து, இழை திரண்டு, அணிய முடியாததாகிவிடும். முதல் வாழ்க்கை முடிந்தபின் இரண்டாவது வாழ்க்கை இல்லாத துணி அது. விலைச்சீட்டில் அது மலிவு. ஆனால், பருத்திச் சேலையின் விலையை அது கடந்த ஆறேழு பயன்களுக்கும் பகிர்ந்து பார்த்தால் எது மலிவு என்ற கணக்கு மாறிவிடும். வரி விதிப்போர் முதல் விற்பனையை மட்டுமே பார்க்கிறார்கள். பிந்தைய பயன்கள் சந்தைக்கு வராததால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அந்தச் சங்கிலி முழுவதும் பெண்களின் கூலியில்லா உழைப்பில் இயங்கியது. கஞ்சி போடுவதும், வெட்டித் தைப்பதும், ஊறவைத்துத் துவைப்பதும் அவர்கள் தலையில் விழுந்தன. துவைத்தவுடன் உலர்ந்து, இஸ்திரி கேட்காத சேலை வந்தபோது அதை முதலில் வரவேற்றவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த பெண்கள்தாம். அவர்கள் மிச்சப்படுத்திய நேரம் மதிப்புள்ளது. பழைய முறையைப் போற்றி எழுதும் ஆண்கள் அந்தக் கரித்துணிகளைத் துவைத்தவர்கள் அல்லர்.

வீட்டுக்குள் சங்கிலி அறுந்தபோது தெருவிலும் அறுந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி தலையில் எவர்சில்வர் கூடையுடன் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். பட்டுச்சேலை என்றால் சரிகைக்காகத் தனி மதிப்பு. பேன்ட் என்றால் ஒரு கணக்கு. வேட்டி என்றால் வேறு கணக்கு. இரண்டு மணி நேரம் பேரம் நடந்து ஒரு டிபன் பாக்ஸ் கைமாறும். இன்று அவர் வருவது அரிதாகிவிட்டது. அவர் கொண்டு செல்லும் துணிக்கு வாங்குவோர் இல்லை என்பதே காரணம். சந்தையில் முந்நூறு ரூபாய்க்குப் புதுச்சட்டை கிடைக்கும்போது, துவைத்துத் தேய்த்த பழைய சட்டையை நூறு ரூபாய்க்கு யார் வாங்குவார்? பழந்துணியின் விலை பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிட்டது. சில நேரங்களில் பூஜ்யத்துக்கும் கீழே: அப்புறப்படுத்த நாம் ஏதேனும் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலை பூஜ்யமான பொருளை ஏழையும் பொறுக்க மாட்டார். அது நேரே குப்பைக் கிடங்குக்குத்தான் செல்லும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல ஆண்டுகளாகக் குவிந்த குப்பையை இப்போது தோண்டிப் பிரித்தெடுக்கப் பெருந்தொகை செலவிடப்படுகிறதே, அந்தச் செலவில் ஒரு பங்கு நம் அலமாரிகளிலிருந்து புறப்பட்டது.

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்வதாக 2022-இல் 'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பு வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி, உள்நாட்டு வீடுகளிலிருந்து கழிக்கப்பட்டது. மற்றொரு பெரும் பகுதி ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் மிஞ்சியது. பின்னதைப் பொருத்தவரை நம் நிலை மோசமில்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுத்துணி எதுவும் வீணாவதில்லை. நிறம் பிரிக்கப்பட்டு, இழையாகச் சிதைக்கப்பட்டு, ஓ.இ. மில்களில் மறுபடி நூலாகிறது. நீளத் துண்டுகள் கால்மிதியாகின்றன; மற்றவை இயந்திரம் துடைக்கும் துணியாகப் பட்டறைகளுக்குச் செல்கின்றன. பனியன் வேஸ்ட் வியாபாரம் என்பது அங்கே மதிப்புள்ள தொழில். வடக்கே ஹரியாணாவின் பானிபட்டில் உலகின் பல நாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளி ஆடைகள் பிய்த்தெடுக்கப்பட்டு மலிவுக் கம்பளங்களாகின்றன. ஆனால், அதைச் செய்யும் தொழிலாளர்கள் மூச்சில் இழைத்தூசியை வாங்கிக்கொண்டே செய்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. இந்த இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒரே வகை இழை பெருமளவில் சேரும் இடத்தில் மட்டுமே மறுசுழற்சி கட்டுப்படியாகும். நம் வீட்டு அலமாரியிலிருந்து வெளியேறும் துணி அப்படிப்பட்டதன்று. பருத்தியும் பாலியெஸ்டரும் எலாஸ்டிக்கும் கலந்து, ஜிப்பும் பொத்தானும் ஜிகினாவும் ஒட்டிய அதைப் பிரிக்க ஆகும் கூலி, கிடைக்கும் இழையின் விலையைவிட அதிகம்.

பணக்கார நாடுகள் இந்தச் சிக்கலைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகின்றன. கானா நாட்டின் அக்ராவிலுள்ள கண்டமாண்டோ சந்தைக்கு வந்து சேரும் பழைய ஆடை மூட்டைகளில் விற்க முடியாதவை கடற்கரையில் குவிகின்றன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் துணி மேடுகளே உருவாகியுள்ளன. நமக்கு அனுப்ப இடமில்லை. இருந்தாலும் அனுப்பக் கூடாது.

களைவதும் வேண்டாம், மறுசுழற்சியும் எளிதன்று என்றால் எஞ்சுவது ஒன்றே: இருப்பதை நீண்ட நாள் பயன்படுத்துவது. அதற்குப் பழுதுபார்ப்பவர் வேண்டும். இங்குதான் பொருளியலின் கசப்பான விதி ஒன்று குறுக்கிடுகிறது. வில்லியம் பாமோல் 1960-களில் இசைக்கலைஞர்களை வைத்து இதை விளக்கினார். நான்கு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை நூறாண்டுகளுக்கு முன்பும் நான்கு பேர்தான் வாசித்தார்கள், இன்றும் அதே நான்கு பேர், அதே நேரம். ஆனால், ஆலையில் ஒரு தொழிலாளி உற்பத்தி செய்யும் பொருளின் அளவு பன்மடங்கு பெருகிவிட்டது. ஆலைக்கூலி உயரும்போது கலைஞரின் ஊதியமும் உயர்ந்தாக வேண்டும். இல்லையெனில், அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். எனவே, கையால் செய்யும் சேவை, இயந்திரம் செய்யும் பொருளோடு ஒப்பிட ஆண்டுக்கு ஆண்டு விலையேறிக்கொண்டே போகும்.

இசைக்கலைஞரை எடுத்துவிட்டுத் தெருமுனைத் தையல்காரரை வைத்துப் பாருங்கள். பேன்ட் ஜிப்பை மாற்ற அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் அரைமணி நேரம் ஆயிற்று. இன்றும் அரைமணி நேரம்தான். அந்த அரைமணியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தையல் வரிசையில் எத்தனை பேன்ட்டுகள் நகர்ந்து செல்லும் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் எண்பது ரூபாய் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. புது பேன்ட்டே நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்கிறோம். அவரோ, அதே நேரத்தில் ஒரு ஜாக்கெட் தைத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று கிழிந்த துணியை வாங்கவே மறுக்கிறார். இருவர் கணக்கும் சரியே. இருவர் கணக்கும் சரியாக இருக்கும்போதே தொழில் மட்டும் மறைந்துவிடுகிறது. குடை சரிசெய்பவர், சாணை பிடிப்பவர், ஈயம் பூசுபவர் ஆகியோர் ஏற்கெனவே போய்விட்டனர். அரசு அலுவலகங்களில் பிரம்பு நாற்காலி பின்னும் பணி பார்வையற்றோர் பலருக்கு வாழ்வளித்தது. வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அதுவும் சுருங்கிவிட்டது.

கைவினையால் இதை ஈடுகட்டலாம் என்பவர்கள் உண்டு. பழைய பாட்டிலில் ஓவியம் வரைவது, பழைய ஜீன்ஸில் பை தைப்பது என்று ஊக்கத்துடன் கற்பிக்கிறார்கள். கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் மனநிறைவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இந்தக் கைவினையில் பெரும்பகுதி புதிய பொருள்களை வாங்குவதில்தான் தொடங்குகிறது. பள்ளிகளில் 'கழிவிலிருந்து கலைப்பொருள்' என்று ஒரு செயல்திட்டம் தருகிறார்கள். அதற்காகப் பெற்றோர் இரவு எட்டு மணிக்குக் கடைக்கு ஓடித் தெர்மகோல் அட்டை, பசை, வண்ணத்தாள், பளபளப்புத் தூள் அனைத்தையும் புதிதாக வாங்குகிறார்கள். மதிப்பெண் இடப்பட்டதும் அந்தக் கலைப்பொருள் குப்பைக்குச் செல்கிறது. கழிவிலிருந்து கலை அன்று இது. கலை வழியாகக் கழிவு.

இதற்கு மாறான ஒரு கைவினை தமிழ்நாட்டில் இருந்தது; இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. ஒயர் கூடை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மதிய வேளையில் திண்ணைதோறும் பெண்கள் பின்னினார்கள். சிவன்கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று வகைகள் உண்டு; ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்றார்கள். பிளாஸ்டிக்தான், ஆனால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் காய்கறி சுமக்கும் பிளாஸ்டிக். கைப்பிடி அறுந்தால் அதை மட்டும் புதிதாகக் கோத்துக்கொள்ளலாம். அந்தக் கூடை அழகுக்காகச் செய்யப்படவில்லை. நாள்தோறும் சந்தைக்குப் போவதற்காகச் செய்யப்பட்டது. அழகு உடன் வந்தது. கேரி பேக் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கூடை பரணுக்குப் போயிற்று. மஞ்சள் பை பட்டிக்காட்டான் என்ற ஏளனச் சொல்லுக்கு அடையாளமாயிற்று. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்ததும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டதும் அந்த ஏளனத்தைப் பெரிதும் நீக்கியிருக்கின்றன. ஒரு பொருளின் மதிப்பை விலை மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. மஞ்சள் பையின் விலை மாறவில்லை. அதைத் தூக்கிச் செல்பவரைப் பார்க்கும் பார்வை மாறியது.

தஞ்சாவூரில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படித்து, இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துத் தே.கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி.குமரப்பா, ஒரு பொருளை வாங்குபவர் அது உருவான சூழலுக்கும் பொறுப்பாளி என்று வாதிட்டவர். சிறையில் இருந்தபடி அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூல் எங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் இடம்பெற்றதில்லை. வெப்லனின் ஆடம்பர நுகர்வுக் கோட்பாட்டைச் சொல்லிக் கொடுத்த அளவுக்குக் குமரப்பாவைச் சொல்லிக் கொடுக்காதது தமிழகப் பொருளியல் துறைகளின் குறை. வாங்குபவர் பொறுப்பாளி என்றால், பொருள் கைவிட்டுப் போகும் சூழலுக்கும் அவரே பொறுப்பாளி ஆகிறார், அவருடன் அரசும்.

பிற நாடுகள் சில முயற்சிகளைச் செய்திருக்கின்றன. ஸ்வீடன் 2017-இல் மிதிவண்டி, காலணி, துணி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் சேவைக்கான மதிப்புக் கூட்டு வரியை 25 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைத்தது. பிரான்ஸ் 2023 நவம்பர் முதல் துணியையும் காலணியையும் தைத்துச் சரிசெய்பவர்களுக்கு ஆகும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்கிறது. அதற்கான பணம் ஆடை நிறுவனங்களிடமிருந்து பெறப்படுகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. கைப்பேசி, வீட்டு உபயோக மின்பொருள், வாகனம், வேளாண் கருவி ஆகிய நான்கும் அதில் அடங்கும். துணிக்கும் செருப்புக்கும் அதில் இடமில்லை.

ஸ்வீடன் வழியை அப்படியே நகலெடுப்பதால் இங்குப் பயன் விளையாது. மிக்சியையோ கைப்பேசியையோ பழுதுபார்க்கும் பதிவுபெற்ற நிறுவனத்தின் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதைக் குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும். புதுப்பொருளுக்கு விதிக்கும் அதே 18 விழுக்காட்டைப் பழுது நீக்கவும் விதிப்பது தூக்கியெறிவதற்கு அரசே தரும் ஊக்கத்தொகை. ஆனால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தெருமுனைத் தையல்காரர் ஜி.எஸ்.டி. வரம்புக்குள்ளேயே வருவதில்லை. வரிக் குறைப்பால் அவருக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. அவருக்கு இயந்திரமும் இப்போது பெரிய தட்டுப்பாடு இல்லை. ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் இயந்திரம் தருவதற்கென்றே சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் உள்ளது. கைவினைஞர்களுக்கு மானியத்துடன் 3 லட்சம் ரூபாய் வரை கடன் தரும் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-இல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் தந்தைத் தொழிலை மகன் மேல் சுமத்துகிறது என்று மறுத்த தமிழக அரசு, அதற்கு மாற்றாக எந்தக் குலத்தவரும் விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாட்டுடன் கொண்டுவந்த திட்டம் அது. நல்ல திட்டமே.

அவருக்கு இல்லாதது இடம். மரத்தடியில், கடைப் படிக்கட்டின் ஓரத்தில், மூடிய கதவின் முன்னால் இயந்திரத்தைப் போட்டு உட்காருகிறார். மழைநீர் வடிகால் பணி தொடங்கினால் அவர் எழுந்துகொள்ள வேண்டும். வடிகால் முடிந்து நடைபாதை போட்டால் திரும்பி வர முடியாது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அவரைப் போன்ற சேவையாளருக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால், காய்கறிக் கடைக்கும் பூக்கடைக்கும் கிடைக்கும் கவனம் செருப்புத் தைப்பவருக்கும் கிழிசல் தைப்பவருக்கும் கிடைப்பதில்லை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, சங்கமும் இல்லை. வாடகைக் கடை எடுத்தால் ஜிப் மாற்ற எண்பது ரூபாய் போதாது, நூற்றைம்பது கேட்க வேண்டும். கேட்டால் யாரும் வர மாட்டார்கள். பாமோல் விதியை மாற்ற முடியாது. ஆனால், அவருடைய கட்டணத்தில் இருந்து வாடகையை எடுத்துவிட முடியும்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட பிறகு, தமிழகம் முழுவதும் கூரையும் மேடையும் குடிநீரும் உள்ள உழவர் சந்தை வளாகங்கள் உருவாகியுள்ளன. விடியற்காலையில் கூட்டம் நெரியும் அந்தக் கொட்டகைகள் பெரும்பாலும் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடுகின்றன. பிற்பகல் முழுவதும் காலியாகக் கிடக்கும் அந்த மேடைகளில் நான்கைந்தைத் தையல், செருப்பு, குடை, மிக்சி, நாற்காலி பின்னல் ஆகிய பணிகளுக்கு வாடகையின்றி ஒதுக்கலாம். வேளாண் விற்பனைத் துறையும் உள்ளாட்சி அமைப்பும் கையெழுத்திட வேண்டிய ஒரு கோப்பு அது. மாநகராட்சி போகிக்கு முன் மூன்று நாள் மட்டும் பழந்துணி வாங்குவதை நிறுத்திவிட்டு, வாரந்தோறும் அதே இடத்தில் வாங்கலாம். பருத்தியைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பிரித்து. பிரித்த பருத்தி திருப்பூருக்குச் செல்ல வண்டி வாடகை கட்டுப்படியாகுமா என்பதை ஒரு வளாகத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளி மாணவர்களின் சீருடையைத் தைத்துத் தரும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களையும் இதில் சேர்க்கலாம். சீருடைப் பருவம் முடிந்ததும் அந்த உறுப்பினர்களுக்கு மாதக்கணக்கில் வேலை இருப்பதில்லை. மேடைக்கு ஒரு மின் இணைப்பும், தலைக்கு மேல் ஒரு விளக்கும், கட்டண விவரம் எழுதிய ஒரு பலகையும் இருந்தால் அவர்கள் நாளைக்கே வந்து உட்காரத் தயாராக இருப்பார்கள்.